நடக்கிற வழியில் வானம்: உங்கள் கைபேசியில் எத்தனை மேகம் இருக்கிறது?

பொங்கோல்வாசி | ஞாயிறு, காலை 10.12

நேற்றுக் காலை மீன் வாங்கச் சந்தைக்குக் கிளம்பினேன். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும். மேம்பாலத்தில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. ஜொகூர் பக்கம் ஒரே ஒரு பெரிய மேகம். அடிப்பகுதி இன்னும் இருட்டு, உச்சி மட்டும் பழுத்த பப்பாளி நிறம். நமக்கு இன்னும் விடியவில்லை, அவ்வளவு உயரத்தில் இருந்ததால் அந்த உச்சிக்கு மட்டும் விடிந்துவிட்டது. நான்கு படம் எடுத்தேன். ஐந்தாவது எடுப்பதற்குள் நிறம் வெளுத்துவிட்டது. பின்னால் வந்த சீனப் பாட்டி ஒருவர் நான் எதைப் பார்க்கிறேன் என்று நின்று பார்த்தார், சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கைபேசியைப் புரட்டினால், அந்த ஒரு மேம்பாலத்திலிருந்து மட்டும் முந்நூறு படங்களுக்கு மேல் இருக்கின்றன.

இது ஆரம்பித்தது அம்மாவால். நான் சிங்கப்பூரில், அவர் புதுக்கோட்டையில் இருக்கிறார். அப்பா போன பிறகு தினமும் போனில் பேசுவோம், ஆனால் பேச்சு "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். ஒருநாள் "அங்கே மழையா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வானத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து தினம் ஒன்று. அவரும் மொட்டை மாடியிலிருந்து அனுப்புவார். நான் ஏழேகாலுக்குச் செவ்வானம் அனுப்பினால் அங்கே மணி நாலே முக்கால், வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும். "உன் பொழுது சாஞ்சிருச்சு, என் பொழுது அப்படியே நிக்குது" என்பார். இப்போது எங்களுக்குப் பேச நிறைய இருக்கிறது.

வானம் பார்க்கவென்றே மரினா பராஜுக்கோ மவுண்ட் ஃபேபருக்கோ போகிறவர்களை நான் கேட்கவில்லை. பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, பேருந்து பிடிக்கப் போகும்போது நிமிர்ந்து பார்க்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எங்கே நின்று எடுக்கிறீர்கள்?

---

அங்மோகியோ 9ஆம் மாடி | ஞாயிறு, காலை 10.40

இருக்கிறேன். எனக்கு மேம்பாலம் வேண்டாம், சமையலறை ஜன்னல் போதும். துணி காயப்போடும் மூங்கில் கம்புகளுக்கு நடுவே ஒரு சதுரம் வானம் தெரியும். படத்தில் எப்போதும் ஒரு பள்ளிச் சட்டையின் கை வந்துவிடும். முதலில் அதை வெட்டி எடுத்துவிடுவேன், இப்போது விட்டுவிடுகிறேன். எந்த வருடம் என்று சட்டையை வைத்தே தெரிகிறது, தொடக்கநிலைச் சட்டையா உயர்நிலைச் சட்டையா என்று.

---

தேக்காப்பையன் | ஞாயிறு, பகல் 12.05

அக்கா, கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். நம்ம ஊரில் வருஷம் முழுக்க ஒரே வானம்தானே? வெயில், மழை, திரும்ப வெயில். குளிர்காலம், இலையுதிர்காலம் எதுவும் இல்லை. ஒரே இடத்தில் முந்நூறு படம் எடுத்தால் முந்நூறும் ஒன்றுபோல் இருக்காதா?

---

ஈசூன் பெரியவர் | ஞாயிறு, பிற்பகல் 3.31

தம்பி, நான் முப்பது வருடம் டாக்சி ஓட்டியவன். கண்ணாடிக்கு வெளியே சாலை பாதி, வானம் பாதி. உங்கள் கேள்வி எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் வீட்டு நடைபாதை மேற்குப் பார்த்தது. எதிரே இரண்டு அடுக்குமாடி புளோக்குகள், நடுவே ஒரு சந்து. டிசம்பரில் சூரியன் இடது புளோக்குக்கும் இடப்பக்கம் தள்ளி இறங்கும். ஜூனில் வலது புளோக்கைத் தாண்டிப் போய்விடும். சந்துக்குள் சரியாக இறங்குவது வருடத்தில் இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாட்கள். அந்த நாட்களில் நடைபாதை முழுக்க, கடைசி வீட்டுக் கதவு வரைக்கும் மஞ்சள் வெளிச்சம் ஓடும். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதுதான் எங்களுக்கு நாட்காட்டி.

அப்புறம் நேரம். நவம்பர் தொடக்கத்தில் 6.50க்கே பொழுது சாயும். பிப்ரவரியில் 7.20 ஆகும். பகலின் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை, விடிவதும் சாய்வதும் சேர்ந்தே முன்னும் பின்னும் நகர்கின்றன. டாக்சி ஓட்டியபோது இந்த அரை மணி எனக்கு நன்றாகத் தெரியும். மேற்கே போகிற சவாரியில் கண் கூசும் நேரம் மாதாமாதம் மாறும்.

இன்னொன்றும் உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1982 ஜனவரி 1ஆம் தேதி இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தது, சிங்கப்பூரும் சேர்ந்து மாற்றியது. அதற்கு முன் ஆறரை மணிவாக்கில் விடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். ஆனால் அதனால்தான் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பேருந்து நிறுத்தத்தில் நின்று வெள்ளாப்பைப் பார்க்கிறது. எழுப்பிவிட்டது அம்மாவாக இருக்கலாம், விடியலைப் பார்க்கிறது அந்தப் பிள்ளைதானே.

---

வெண்முகில் | ஞாயிறு, மாலை 5.02

பெரியவர் சொன்னது மிகச் சரி. சூரியன் மறையும் இடம் ஜூனிலிருந்து டிசம்பருக்குள் ஏறத்தாழ 47 பாகை நகர்கிறது. கையை நீட்டி முஷ்டியை வைத்தால் ஒரு முஷ்டி பத்துப் பாகை. அடிவானத்தில் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி தூரம்! நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளிடம் இதை நேரில் அளந்து பார்க்கச் சொல்வேன்.

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 1.3 பாகை வடக்கே. மார்ச் 23, 24 வாக்கில் பிற்பகல் ஒன்றே கால் மணிக்குக் கொஞ்சம் முன்பு சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிவிடும். செப்டம்பர் 20 வாக்கில் இன்னொரு முறை. சென்னையில் இதே நிழலில்லா நாள் ஏப்ரல் கடைசி வாரத்தில் வரும், அப்புறம் ஆகஸ்டில்.

தேக்காப்பையனுக்கு ஒன்று. பருவம் இங்கே இலையில் தெரியாது, மேகத்தில் தெரியும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றோடு நாள்கணக்கில் மந்தாரம், சாம்பல் நிறத் தூறல். பிப்ரவரியில் அதே காற்று காய்ந்துபோய் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். இப்போது, ஏப்ரலில், காற்று ஓய்ந்திருக்கும். காலை பத்து மணிக்குப் பஞ்சுப் பொதி, இரண்டு மணிக்குக் கோபுரம், நான்கு மணிக்கு இடி. உங்கள் முந்நூறு படத்தையும் மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள் அக்கா, தேதி பார்க்காமலே மாதம் சொல்லிவிடலாம்.

---

கிரேன் நிழல் | ஞாயிறு, இரவு 9.48

எல்லோருக்கும் வணக்கம். நான் கட்டுமான வேலையில் இருக்கிறேன். துவாஸ் பக்கம் விடுதி, ஜூரோங் பக்கம் வேலை. ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்வேன், இன்றுதான் முதலில் எழுதுகிறேன்.

காலையில் ஐந்தரைக்கு லாரி. பின்னால் உட்கார்ந்தால் முன்னால் வருகிற கிழக்கு தெரியாது, பின்னால் விலகிப் போகிற மேற்குதான் தெரியும். முதலில் இது எனக்கு வருத்தம். விடிகிற திசையைப் பார்க்க முடியவில்லையே என்று. அப்புறம் ஒரு பௌர்ணமி விடியக்கருக்கலில் பார்த்தேன், நிலா மேற்கே விழுந்துகொண்டிருந்தது. லாரி கிழக்கே போகப் போக அது எங்கள் பின்னாலேயே வந்தது. மஞ்சளாக, பெரிதாக, கப்பல் தளத்துக் கிரேன்களுக்கு நடுவில். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை எழுப்பிக் காட்டினேன். அவர் திட்டவில்லை. அடுத்த மாதம் அவரே என்னை எழுப்பினார்.

வேலை இடத்தில் உயரத்தில் போன் எடுக்கக் கூடாது, அது சரிதான். அதனால் மேலே இருக்கும்போது பார்ப்பது மட்டும்தான். இருபத்தெட்டாவது மாடியில் நின்றால் சுமத்ரா சூறைக்காற்று வருவது தெரியும். மேற்கே கடல்மேல் கறுப்பாக ஒரு வில் வளைந்து வரும். அதன் அடியில் வெள்ளைத் திரை, அதுதான் மழை. முதலில் கப்பல்கள் மறையும், அப்புறம் தீவுகள் மறையும், அப்புறம் குளிர்ந்த காற்று கழுத்தில் அடிக்கும். அதற்குள் வாக்கி டாக்கியில் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், எல்லோரும் இறங்கிவிடுவோம். கீழே நிற்கிறவர்களுக்கு அது வெறும் திடீர் மழை. எங்களுக்கு அது அரை மணி நேரமாக நடந்து வந்த மழை.

தேநீர் இடைவேளையில் கீழே வந்து எடுத்த படங்கள் என்னிடமும் இருக்கின்றன. ஆனால் நிலா மட்டும் ஏன் வெள்ளைப் புள்ளியாகவே வருகிறது? யாராவது சொல்லித்தர முடியுமா?

---

பொங்கோல்வாசி | ஞாயிறு, இரவு 10.03

தம்பி, எழுதியதற்கு நன்றி. "நடந்து வந்த மழை" என்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொடர்ந்து எழுதுங்கள்.

---

முகில்வேட்டை | திங்கள், காலை 7.55

நிலா கேள்விக்குப் பதில். நிலா என்பது வெயில் பட்டுக் கிடக்கும் பாறை. இரவிலும் அது பகல் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. கைபேசி சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, அதனால் நிலா வெந்து வெள்ளையாகிவிடும். திரையில் நிலாமேல் விரலை வைத்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பூட்டு விழுந்ததும் விரலைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். நிலாவில் சாம்பல் திட்டுகள் தெரியும்வரை இழுங்கள். ஆனால் ஆசைப்பட்டுப் பெரிதாக்காதீர்கள். நீட்டிய கையில் சுண்டுவிரல் அகலத்தில் பாதிதான் நிலா. கிரேனோடு, பாலத்தோடு, மனிதரோடு சேர்த்து எடுங்கள், அப்போதுதான் நீங்கள் பார்த்த நிலா வரும்.

செவ்வானத்துக்கும் இதே வித்தைதான். வானத்தில் பிரகாசமான இடத்தைத் தொட்டுப் பூட்டி, கொஞ்சம் இருட்டாக்கினால் நிறம் நிற்கும். புளோக்குகள் கறுத்துப் போகும், போகட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். பையில், சமையல் கையில், வியர்வையில் கிடந்த கண்ணாடி அது. விளக்குகளைச் சுற்றி முடிமுடியாக ஒளிக்கீற்று வந்தால் அது வானத்தின் அழகு அல்ல, விரல் எண்ணெய்.

இன்னொன்று, இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் பார்க்கிறேன், சூரியன் முழுகிய அடுத்த நிமிடம் கூட்டம் கலைந்துவிடும். உயரத்து மேகங்களுக்குக் கீழிருந்து வெளிச்சம் படுவது அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்தில். இங்கே அந்தி குறுகியது, சூரியன் நேர்ச்சரிவாக இறங்குவதால் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த இருபது நிமிடமும் நில்லுங்கள். ஒருமுறை முதுகுப் பக்கமும் திரும்பிப் பாருங்கள். கிழக்கு அடிவானத்தில் நீலச் சாம்பலில் ஒரு பட்டை, அதன்மேல் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை தெரியும். கீழே இருக்கும் நீலம் பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்த மண்ணின் நிழல் காற்றின்மேல் விழுந்து கிடக்கிறது.

---

அங்மோகியோ 9ஆம் மாடி | திங்கள், காலை 11.20

பூமியின் நிழலா? இத்தனை வருடமாக அதைப் புகை என்று நினைத்திருந்தேன். இன்று சாயங்காலம் பார்க்கிறேன்.

படங்களில் நிறத்தைக் கூட்டுவது பற்றி உங்கள் கருத்து என்ன? குடும்பக் குழுவில் என் தங்கை அனுப்பும் வானமெல்லாம் குங்குமம் கொட்டியது மாதிரி இருக்கிறது. என்னுடையது அதன் பக்கத்தில் நோயாளி மாதிரி தெரிகிறது.

---

முகில்வேட்டை | திங்கள், பகல் 1.10

கண்ணால் பார்த்த நிறத்துக்குக் கொண்டுவருவது வரைக்கும் சரி என்பது என் கருத்து. கைபேசி சில நேரம் செவ்வானத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு அதன் சிவப்பை வெளுத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது நியாயம். அதற்கு மேலே போனால் இழப்பு உங்களுக்குத்தான். எல்லா மாலையும் குங்குமமாக இருந்தால், உண்மையிலேயே குங்குமம் கொட்டிய ஒரு மாலையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

---

தேக்காப்பையன் | திங்கள், இரவு 8.44

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. நிறத்தைக் கூட்டினாலும் அந்த அக்காவின் தங்கை வானத்தைப் பார்த்திருக்கிறார்தானே. பார்த்தபோது மனசு எவ்வளவு சிவந்ததோ அவ்வளவு சிவக்கட்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்று சிராங்கூன் சாலையில் பேருந்துக்கு நின்றபோது முதல்முறையாகக் கம்பிகளுக்கு மேலே பார்த்தேன். வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வானம் ஊதாவாகிவிட்டிருந்தது. பொம்மைகளின் வண்ணமெல்லாம் அடங்கி, உருவம் மட்டும் கறுப்பாக நின்றது. ஒரு பேருந்தை விட்டுவிட்டேன். கேள்வி கேட்டதற்கு இதுதான் என் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

அங்மோகியோ 9ஆம் மாடி | செவ்வாய், காலை 9.30

புகைமூட்டக் காலத்துப் படங்களை என்ன செய்கிறீர்கள்? 2013 ஜூன் 21 அன்று காற்று மாசுக்குறியீடு 401 வரை போனது. மகனுக்கு அப்போது மூச்சுத்திணறல். ஜன்னலையெல்லாம் அடைத்து, ஈரத்துணி திணித்து உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் திரைச்சீலையை விலக்கினால் சூரியன் செப்புக்காசு மாதிரி தொங்கியது, வெறுங்கண்ணால் பார்க்கும் அளவுக்கு மங்கலாக. அழகாகத்தான் இருந்தது. உள்ளே பிள்ளை இருமுகிறான், நான் இங்கே அழகு பார்க்கிறேனே என்று மனசு சுட்டது. ஒரே ஒரு படம் எடுத்தேன். அழிக்கவும் முடியவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

---

ஈசூன் பெரியவர் | செவ்வாய், காலை 10.15

அழிக்காதீர்கள் அம்மா. அதுவும் நம் வானம்தான், நடந்ததற்குச் சாட்சி. மகன் வளர்ந்த பிறகு அவனிடம் காட்டுங்கள்.

---

வெண்முகில் | செவ்வாய், பிற்பகல் 2.40

மன்னியுங்கள், அக்காவின் பதிவுக்குப் பக்கத்தில் விஞ்ஞானம் சொல்வது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனால் பலரும் தவறாக நம்பும் விஷயம் என்பதால் சொல்கிறேன். தூசும் புகையும் இருந்தால்தான் செவ்வானம் அழகாக வரும் என்பார்கள். உண்மையில் புகை நிறங்களை மங்கச் செய்கிறது, சூரியன் ஒரு வட்டமாகத் தெரியும், சுற்றி எல்லாம் பழுப்பு. ஆழமான சிவப்பும் ரோஜாவும் வருவது மழை காற்றைக் கழுவிவிட்ட மாலையில், உயரத்தில் மெல்லிய மேகமும் மேற்கே அடிவானத்தில் திறந்த இடமும் இருக்கும்போது. மாலை ஐந்து மணிக்கு மழை விட்டால் கைபேசியை மின்னேற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

---

கிரேன் நிழல் | செவ்வாய், இரவு 9.15

வெண்முகில் சாரிடம் ஒரு கேள்வி. எங்கள் தாத்தா "கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்பார். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் பார்த்துச் சொல்வார், ஊரில் அது பலிக்கும். இங்கேயும் கோட்டை பார்த்தேன், மழை வரவில்லை.

---

வெண்முகில் | செவ்வாய், இரவு 10.20

தாத்தா இரண்டு வேறு வளையங்களைச் சரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார், எனக்கு அதுதான் பெரிய வியப்பு. எட்ட நிற்கும் பெரிய வட்டம் ஆறு கிலோமீட்டருக்கும் மேலே, பனித்துகள்களால் ஆன மெல்லிய மேகத்தில் உண்டாவது. அதன் அளவு மாறாது. கையை நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாமேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வளையத்தைத் தொடும், 22 பாகை. கிட்ட நிற்கும் சிறிய வட்டம் மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது, துளியின் அளவைப் பொறுத்துச் சுருங்கும், விரியும். பெரிய மழைக்கூட்டம் தூரத்திலிருந்து வரும் இடங்களில் அந்தப் பனி மேகம் முன்னால் ஓடிவரும். அதனால் ஊரில் பலிக்கிறது. இங்கே பெரும்பாலான மழை நம் தலைக்கு மேலேயே ஒன்றிரண்டு மணி நேரத்தில் வளர்ந்து கொட்டிவிடும், அதற்கு முன்தூது கிடையாது.

இந்தக் கை அளவு பகலிலும் உதவும். சூரியனைச் சுற்றி வளையம் தெரிந்தால், சூரியனை ஒரு மரக்கிளையாலோ கட்டட மூலையாலோ மறைத்துக்கொண்டு பாருங்கள். நேராகப் பார்க்கவே வேண்டாம்.

---

பொங்கோல்வாசி | புதன், காலை 6.50

சூரியன் என்றதும் 2019 டிசம்பர் 26 நினைவுக்கு வந்துவிட்டது. அன்று வளையச் சூரிய கிரகணம். புதுக்கோட்டையும் அதன் பாதையில், சிங்கப்பூரும் அதன் பாதையில்! அம்மா அங்கே காலை ஒன்பதரை வாக்கில் பார்த்துவிட்டுப் போன் செய்தார், "உங்க பக்கம்தான் வருது" என்று, ஏதோ பேருந்து ஏற்றிவிட்டதைப் போல. இங்கே வளையம் வந்தது பிற்பகல் 1.22 மணியளவில், சுமார் இரண்டு நிமிடம்.

என்னிடம் கிரகணக் கண்ணாடி இல்லை. அம்மா சொல்லித்தான் பூந்திக் கரண்டியை எடுத்துக்கொண்டு புளோக்குக்குக் கீழே இறங்கினேன். கரண்டியின் நிழலில் துளைக்குத் துளை ஒரு பிறை, ஐம்பது அறுபது பிறைகள் சிமெண்டுத் தரையில். பிறையெல்லாம் மெலிந்து மெலிந்து, திடீரென்று வளையமாக மூடிக்கொண்டன. பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் அடியிலும் தரை முழுக்க வளையங்கள், இலை அசைய அசைய அவையும் அசைந்தன. வெயில் இருந்தது, ஆனால் சுடவில்லை. நிறம் ஈயம் மாதிரி ஆகிவிட்டது. காவலாளியும் துப்புரவு செய்யும் அண்ணனும் வந்து கரண்டியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்கள். வானத்தை நான் எடுத்த படங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், அதில் இருப்பது தரை மட்டும்.

---

முகில்வேட்டை | புதன், காலை 8.12

அக்கா, இந்தப் பதிவை மூன்று முறை படித்தேன்.

---

ஈசூன் பெரியவர் | புதன், காலை 11.00

படங்களுக்கு எல்லோரும் என்ன பெயர் வைத்துச் சேமிக்கிறீர்கள்? என் பேத்தி "ஸ்கை 1, ஸ்கை 2" என்று வைத்திருந்தாள். தமிழில் எவ்வளவு சொல் இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். விடிவதற்கு முன் கருக்கல். கிழக்கு வெளுத்தால் வெள்ளாப்பு. மேகம் மூடி ஒளி மங்கினால் மப்பு, மந்தாரம். மலையில் தவழ்வது மஞ்சு. மழை சுமந்து கறுத்து வருவது கார்மேகம், கொண்டல். அந்திச் சிவப்புக்குச் செக்கர். ஆள் முகம் தெரியாமல் போகிற நேரம் மசங்கல். இப்போது அவள் படங்களுக்கு "மசங்கல், ஈசூன் குளக்கரை" என்று பெயர் வைக்கிறாள். சொல் தெரிந்த பிறகு அந்த நேரத்தைத் தேடிப் போகிறாள், அதுதான் எனக்குச் சந்தோஷம்.

---

கிரேன் நிழல் | புதன், இரவு 9.30

எங்கள் ஊரில் "மசமசன்னு ஆயிருச்சு" என்போம். அதை இங்கே எழுத்தில் பார்த்ததும் என்னவோ செய்தது.

---

வெண்முகில் | வியாழன், காலை 7.10

ஒரு யோசனை. நாம் ஏழு பேரும் தீவின் வெவ்வேறு இடத்தில் இருக்கிறோம். நாளை வெள்ளி மாலை சரியாக 6.30க்கு அவரவர் நிற்கும் இடத்திலிருந்து, வானத்தில் அப்போது பெரிதாக எது இருக்கிறதோ அதை எடுப்போமா? இந்த வாரம் தினமும் மாலையில் இடி இருக்கிறது.

ஒன்றே ஒன்று. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது நொடிக்குக் குறைவாக இருந்தால் திறந்த வெளியில் நிற்காதீர்கள். கார் நிறுத்துமிடத்து மொட்டை மாடி நமக்கெல்லாம் பிடித்த இடம், ஆனால் அந்த நேரத்தில் அங்கே வேண்டாம். சைக்கிள் பாதையிலும் நின்று எடுக்காதீர்கள்.

---

தேக்காப்பையன் | வெள்ளி, மாலை 6.41

தேக்கா சந்தை வாசல். கோபுரத்துக்குப் பின்னால் வடக்கே முழுக்கக் கறுப்பு. இங்கே மழை இல்லை, ஆனால் காற்றில் மண்வாசம். மேகத்தின் விளிம்பு நேராக, கத்தியால் வெட்டியது மாதிரி, தலைக்கு மேலே நிற்கிறது.

---

அங்மோகியோ 9ஆம் மாடி | வெள்ளி, மாலை 6.44

அந்தக் கறுப்புக்கு அடியில்தான் நான் இருக்கிறேன்! கொட்டுகிறது. ஜன்னலில் எதிர் புளோக்கே தெரியவில்லை. படத்தில் சாம்பல் மட்டும்தான், அதையே போடுகிறேன். துணியெல்லாம் உள்ளே எடுத்தாகிவிட்டது.

---

முகில்வேட்டை | வெள்ளி, மாலை 6.52

பிடோக் நீர்த்தேக்கம், மேற்கே பார்த்து. மேகம் முழுக்கக் கருநீலம், சூரியன் அதன் பின்னால். விளிம்பு மட்டும் வெள்ளிச் சரிகை. ஒரு பிளவிலிருந்து ஐந்து கதிர்கள் விசிறி மாதிரி இறங்குகின்றன.

---

பொங்கோல்வாசி | வெள்ளி, மாலை 6.55

என் மேம்பாலத்திலிருந்து அதே மேகத்தின் பக்கவாட்டு. வலது பாதி பொன், இடது பாதி சாம்பல், நடுவே கோடு போட்டதுபோல் பிரிந்திருக்கிறது. உச்சி தட்டையாகப் பரவிப் பட்டறைக் கல் மாதிரி நிற்கிறது.

---

ஈசூன் பெரியவர் | வெள்ளி, மாலை 7.01

மழையின் ஓரம் எங்கள் புளோக் வாசலில் நின்றுவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் நனைந்திருக்கிறது, இந்தப் பக்கம் காய்ந்திருக்கிறது. பேத்தி சாலையைத்தான் எடுத்திருக்கிறாள்.

---

கிரேன் நிழல் | வெள்ளி, இரவு 8.20

மன்னிக்கவும், லாரி இப்போதுதான் விடுதிக்கு வந்தது. 6.30க்கு வேலை இடத்து வாசலில் லாரிக்கு வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வெயில். கிழக்கே உங்கள் மேகம் முழுக்க வெளிச்சத்தில், பூக்கோசு மாதிரி, அடியிலிருந்து உச்சிவரை பொன் நிறம். அதன் மழைமேல் முழு வானவில், ஒரு காலிலிருந்து மறு கால் வரை. வெளியே இன்னொன்றும் மங்கலாக இருந்தது. போனை எடுத்ததும் வரிசையில் இருந்த எல்லோரும் எடுத்தார்கள். கீழே இருக்கும் தலைக்கவசங்கள் எங்கள் ஆட்கள்.

---

வெண்முகில் | வெள்ளி, இரவு 8.37

தம்பி, உங்களுக்குத்தான் கிடைக்க வேண்டும், உங்களுக்கே கிடைத்தது. சூரியனை முதுகில் வைத்து மழையைப் பார்த்து நின்றவர் நீங்கள் ஒருவர்தான். முகில்வேட்டை அதே மழையைச் சூரியனுக்கு எதிரே நின்று பார்த்தார், அவருக்குக் கதிர் வந்தது, வில் வராது. வெளியே இருந்த மங்கலான வில்லில் நிறங்கள் தலைகீழாக இருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். காலை பத்து மணிக்கும் மாலை நாலேகாலுக்கும் நடுவே எவ்வளவு பெய்தாலும் தரையிலிருந்து வானவில் தெரியாது, சூரியன் அவ்வளவு உயரத்தில் இருக்கும். ஆறரை மணி நல்ல நேரம்.

---

கிரேன் நிழல் | வெள்ளி, இரவு 8.50

ஆமாம் சார், வெளியே இருக்கிறதில் சிவப்பு உள்பக்கம் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

---

பொங்கோல்வாசி | வெள்ளி, இரவு 9.05

ஆறு படத்தையும் அம்மாவுக்கு அனுப்பப் போகிறேன். தம்பி, உங்கள் படத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன். அனுப்பலாமா?

---

கிரேன் நிழல் | வெள்ளி, இரவு 9.08

அனுப்புங்க அக்கா. எங்க அம்மாவுக்கு நான் அப்பவே அனுப்பிட்டேன்.